சூசையப்பரின் மேசை

ஞாயிற்றுக்கிழமை தயாளினியோட நீங்கள்தான் சினியோரா கார்மெலா வீட்டுக்குப் போறியளாம், மெய்யோ தங்கச்சி?

கொஞ்சம் தள்ளி இருங்கோ, நானும் இருக்கிறன். பயப்பிடாதேங்கோ, பிடிச்சுத் தின்னமாட்டன். உங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை கடைசி வாங்கிலை இருந்து அலட்டுற ரெண்டு பெட்டையள் இருக்குதுகளல்லே, அதுகளின்ர தாய் நான். ரூபவதி. ஆ, சிரிக்கிறியள். அப்ப பிடிபட்டிட்டுது. என்ன செய்யிறது, வாய் என்னிட்டையிருந்துதான் போனது.

கம்பசுக்குத்தானே போறியள்? அப்ப நேரம் கிடக்கு. இத்தாலிக்காரற்ர இந்தப் பலெர்மோ பஸ் எங்கட ஊர் மாட்டுவண்டிலோட ஓடினாலும் தோக்கும்.

தயாளினி என்ன சொல்லி உங்களைக் கூப்பிட்டவள்? 'சினியோராவிட்டை ஒரு விசயம் கேக்கவேணும், எனக்குப் பாஷை காணாது, நீங்கள் நடுவிலை நிண்டு சொல்லித் தாங்கோ' எண்டுதானே? என்ன விசயமெண்டு சொன்னவளோ? இல்லையோ. அவள் சொல்லமாட்டாள். நான் சொல்றன். போன மார்ச்சிலை, சூசையப்பர் திருநாளுக்கு முதல், அந்த வீட்டுக் குசினியிலை வைச்சு சினியோரா அவளின்ர பிள்ளையைக் காட்டி ஏதோ கேட்டவா. என்ன கேட்டவா? அதைத்தான் அறியப்போறாள். அந்தப் பிள்ளை செத்தது உங்களுக்குத் தெரியும்தானே. இனியவன். நாலு வயசு.

அண்டைக்கு நடுவிலை நிண்டது நான். அதாலைதான் உங்களைத் தேடி இந்த பஸ்சிலை ஏறினனான். முழுக்கக் கேளுங்கோ, பேந்து நீங்களே யோசியுங்கோ.

நான் சினியோரா வீட்டிலை வேலை செய்யிறன், ஆறேழு வருசமாய். புருசன் இல்லை, மகன் வேற ஊரிலை, மனுசி தனிய. குளிக்க வாக்கிறது, கால் தேச்சு விடுறது, சமையல், சந்தை, எல்லாம் நான். நல்ல மனுசி, ஆனா சாப்பாட்டு விசயத்திலை சரியான விசர். பிறந்தது சலேமி எண்ட மலைப்பக்கத்து ஊர். அங்க சூசையப்பருக்கு நேர்த்தி வைச்சால் கோயிலிலை காசு போட்டு முடிக்கேலாது. வீட்டிலை மேசை போடவேணும். ஒரு கிழவன், ஒரு தாய், ஒரு பெடியன், மூண்டு ஏழையளைக் கூட்டிவந்து சூசையப்பர், மாதா, பாலன் யேசு எண்டு இருத்தவேணும். வீட்டுக்காரர் அவையின்ர கையைக் கழுவிக் கொஞ்சிப்போட்டு, நிண்டுகொண்டு பரிமாறவேணும். எல்லாக் கறியிலும் அவை ஒரு வாயெண்டாலும் வைக்கவேணும். ஒண்டைத் தள்ளினாலும் நேர்த்தி நிறைவேறாது. அவை எழும்புமட்டும் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணியும் குடிக்கேலாது.

சினியோராவின்ர மகனுக்கு அதுக்குக் கொஞ்ச மாசம் முதல் இதயத்திலை ஒப்பரேசன். பிழைச்சிட்டான். அதுக்குத்தான் நேர்த்தி. என்னைக் கூப்பிட்டுச் சொன்னவா: "ரூபா, உங்கட ஆக்களுக்கை ஒரு தாயும் பெடியனும் பாத்துக் கொண்டுவா. புதுசா வந்தவையாய், ஆருமில்லாதவையாய் இருக்கவேணும்."

என்னட்டைப் பெடியன் இருந்தால் நான் ஏன் மற்றவளைத் தேடுறன்? ரெண்டும் பெட்டையள். பெட்டையைப் பாலன் யேசுவாக்கேலாதாம். கேட்டுப் பாத்தனான், சட்டை போட்டு மறைக்கிறன் எண்டு. சினியோரா சிலுவை போட்டுக்கொண்டு பேசினவா.

தயாளினி எங்கட ஊர். வன்னியிலை அவளின்ர வீடும் எங்கட வீடும் ஒரே குச்சொழுங்கை. புருசன் இஞ்ச சந்தையிலை மீன்பெட்டி தூக்கிறவன். அவள் பிள்ளையோட வந்து அப்ப கொஞ்ச மாசம்தான். பாஷையிலை 'சாவோ'வைத் தவிர ஒண்டும் தெரியாது. இதைவிடப் பொருத்தமான மாதா எங்க கிடைக்கும்? நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். நல்லது செய்யத்தான் கூட்டிக்கொண்டு போனனான், அதை மறக்காதேங்கோ.

இன்னொண்டையும் சொல்லவேணும், பிறகு ஆரும் வேறமாதிரிச் சொல்லுவினம். சினியோராவின்ர தமையன் மார்சாலாவிலை வைன் செய்யிறவர். அவையின்ர வீட்டிலை ஒரு வழக்கம், பிள்ளை பிறக்கேக்கை ஒரு பீப்பாயை நிரப்பி வைப்பினம். ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் எடுப்பினம், எடுத்த அளவுக்குப் புது வைன் விடுவினம். பீப்பாய் ஒருநாளும் வெறுமையாகாது. இந்த மகன் பிறக்கேக்கை வைச்ச பீப்பாயிலை, அவன் பால் குடிச்ச வருசத்து வைனும் இன்னும் எங்கேயோ ஒரு சொட்டு இருக்கும் எண்டு சினியோரா சொல்லுவா, சொல்லேக்கை கண் கலங்கும். அந்தப் பீப்பாயளைப் பாத்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. என்ர மனுசன் கோப்பை கழுவிக் கழுவிக் கையெல்லாம் வெந்துபோய் இருந்தவர். சினியோரா சொன்னவா: "மேசை நல்லபடி முடியட்டும், தமையனிட்டைச் சொல்றன்." அவ்வளவுதான். ஆருக்குத்தான் ஆசை வராது? கீழ்மாடியிலை ஒரு பங்களாதேஷ்காரி, அவளுக்கும் ஒரு பெடியன், சினியோராவின்ர படிக்கட்டைக் கேளாமலே கூட்டிக் கழுவத் தொடங்கியிட்டாள். நான் பாத்துக்கொண்டு இருக்கேலுமோ?

திருநாளுக்கு முதல்நாள் தயாளினியையும் பிள்ளையையும் கொண்டுபோய்க் காட்டினன். குசினி முழுக்கச் சாமான். மயில் மாதிரி, ஏணி மாதிரி, சூசையப்பற்ர தாடி மாதிரிப் பாண் சுட்டு அடுக்கியிருக்கு. ஒரு பக்கம் சூடைமீன் துப்பரவாக்குகினம். பெருஞ்சீரக இலை, திராட்சை வத்தல், எல்லாம் போட்டு அந்த மீனோட பாஸ்தா செய்வினம், மேலை பாண்தூளை வறுத்துத் தூவுவினம். பாண்தூள் சூசையப்பர் சீவின மரத்தூளாம், தச்சரல்லே. எனக்கு அது நல்ல விருப்பம்.

நிலத்திலை ஒரு சாக்குப் பச்சைப் பாவே. பாவே தெரியும்தானே, பெரிய அவரை, விரல் மொத்தத்திலை கொட்டை. இந்த நாட்டிலை பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமோ? அது பஞ்சத்திலை அவையைக் காப்பாத்தினதாம், அதாலை மேசையிலை பாவே இல்லாமல் சூசையப்பர் வரமாட்டாராம். காய்ஞ்சதை அவிச்சு மசிச்சு 'மாக்கு' எண்டு ஒரு களி. பச்சையை உரிச்சு, கார்ச்சோஃபி எண்ட முள்ளுப்பூ மொட்டோடயும் பட்டாணியோடயும் ஒரு பிரட்டல்.

சினியோரா கதிரையிலை இருந்தபடி பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டு நாடியைப் பிடிச்சுப் பாத்தவா. பிறகு தயாளினியைப் பாத்துக் கேட்டவா. மெதுவாய், விரலை ஆட்டி ஆட்டி. "இந்தப் பிள்ளை முந்திப் பாவே சாப்பிட்டிருக்கோ? உன்ர பக்கத்திலை, உன்ர சகோதரங்கள், மாமன்மார், ஆருக்கும் இரத்தம் கெட்டு மூத்திரம் கறுத்துப் போனதோ? எங்கட ஊரிலை சில ஆம்பிளைப் பிள்ளையளுக்கு இது நஞ்சு. வடிவாய்க் கேட்டுச் சொல்லு, ரூபா. அப்பிடியெண்டால் நான் வேற பிள்ளை பாக்கிறன், இந்தப் பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டன், உடுப்பு வாங்கிக் குடுக்கிறன்."

இதுதான் கேட்டவா. ஒளிக்கேல்லை, சொல்லிப்போட்டன்.

நான் சிரிச்சனான். அவரைக்கொட்டை திண்டு சாகிறதெண்டு ஆராவது சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டியளோ? "சினியோரா, நாங்கள் பருப்பிலை பிறந்து பருப்பிலை வளந்த சனம். இவன் எல்லாம் சாப்பிடுவான்" எண்டன்.

தயாளினி என்ர கையைத் தட்டி, "என்னக்கா கேக்கிறா?" எண்டாள்.

"பிள்ளை நல்ல வடிவாம். பாலன் யேசு மாதிரியே இருக்கிறானாம்" எண்டன்.

அவளுக்கு முகம் மலர்ந்துபோச்சு. குனிஞ்சு சினியோராவின்ர கையைக் கொஞ்சினாள். சினியோராவும், சரி, தாய்க்காரியும் கேட்டறிஞ்சுதான் சிரிக்கிறாள் எண்டு நிம்மதியாய் இருந்திட்டா. எல்லாருக்கும் சந்தோசம்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? அவளின்ர தம்பியைப் பற்றி ஆரும் உங்களுக்குச் சொல்லியிருக்கினமோ?

ஓம், தம்பி ஒருத்தன் இருந்தவன். சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை மலேரியாக் குளிசை குடுத்தவை. குடிச்சு அடுத்தநாள் அவனுக்கு மூத்திரம் கோலா மாதிரிப் போனது, கண் மஞ்சளாய்ப் போனது, முடிஞ்சான். நான் பக்கத்துக் கூடாரம். எனக்குத் தெரியாமல் இருக்குமோ? ஆனா முகாமிலை ஆர்தான் எதாலை சாகேல்லை? வயித்தோட்டத்திலை செத்தது, பாம்பு கடிச்சுச் செத்தது, யோசிச்சே செத்தது. குளிசைக்கும் அவரைக்கொட்டைக்கும் என்ன சொந்தம்? நீங்கள் கம்பஸ் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும். நான் ஓ.எல். மட்டும்தான்.

இதைக் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை இனியவன் சாக்கடியிலை குந்தியிருந்து பச்சைப் பாவேயை உரிச்சு உரிச்சு வாயிலை போட்டுக்கொண்டிருந்தான். அணில் மாதிரி. எல்லாரும் பாத்துச் சிரிச்சனாங்கள்.

அடுத்தநாள் மேசையை நீங்கள் பாத்திருக்கவேணும். முதல் தோடம்பழச் சுளை. பிறகு ஒவ்வொண்டாய், ஒவ்வொண்டாய். ஒவ்வொரு கோப்பைக்கும் எல்லாரும் சேந்து, 'வாழ்க யேசு, மரி, சூசை' எண்டு கத்துவினம், வெளியிலை ஒருத்தன் மேளம் அடிப்பான். மீன்கடைக் கிழவன் ஒண்டு சூசையப்பர், பல்லில்லை, கெதியாய் முழுங்கும். தயாளினிக்கு நீலச் சீலை. நான்தான் உடுத்திவிட்டது. இனியவனுக்கு வெள்ளைச் சட்டை, தலையிலை பூமுடி. மாக்கு வந்த உடனை அவன் முகத்தைச் சுளிச்சு, "வேண்டாம், மாமி" எண்டான். நான் பின்னாலை நிண்டனான். "சாப்பிடு ராசா, தள்ளக்கூடாது" எண்டு காதுக்கை சொல்லி, மேசைக்குக் கீழை மெல்லமாய் ஒரு நுள்ளு நுள்ளினனான். சாப்பிட்டான். சொல்வழி கேக்கிற பிள்ளை. பேந்து அந்தப் பிரட்டலும் சாப்பிட்டான், ரிக்கோத்தாப் பாற்கட்டி வைச்ச கன்னோலி இனிப்புக்கு மட்டும் கையை நீட்டி இன்னொண்டு கேட்டான். கிழவனுக்கு மகன்ர பீப்பாய் வைன் ஒரு கிளாஸ் வாத்தினம், தேன் நிறம். சினியோரா நிண்டபடி அழுதா.

அண்டைக்கே தமையனைக் கூப்பிட்டு என்ர மனுசனைக் காட்டினா. சொன்ன சொல் தவறாத மனுசி.

மிஞ்சின சாப்பாடு அந்த மூண்டுபேருக்கும்தான் சேரவேணும், அது வழக்கம். பாண், மாக்கு, எல்லாம் பானையோட. அடுத்தநாள் நான் மூச்சு வாங்க நாலு மாடி ஏறிக் கொண்டுபோய்க் குடுத்தன். பிள்ளை படுத்துக் கிடந்தான். வெளிறிப்போய் இருந்தான். தயாளினி, "அக்கா, இவன் எழும்புறானில்லை" எண்டாள். நான் சொன்னன், "நேற்று அவ்வளவு சனத்துக்கை இருந்தவன், கண்ணூறு பட்டிருக்கும், களைப்பு. உசார் வரட்டும், இந்தக் களியைச் சூடாக்கித் தீத்து." நானும் ரெண்டு கரண்டி தீத்தினனான். பசிக்கிற பிள்ளைக்குச் சத்தாய் ஏதும் குடுக்கிறது பிழையோ? நீங்கள் சொல்லுங்கோ.

பின்னேரம் போன் எடுத்தாள். மூத்திரம் பீற்றூட் தண்ணி மாதிரிப் போகுதாம். நான் வேலையிலை நிண்டனான், சினியோராவுக்குக் கால் கழுவிக்கொண்டு. மேசையிலை பீற்றூட்டும் இருந்ததுதானே? "அது பீற்றூட்டடி, ஒண்டுக்கும் யோசியாதை" எண்டன். அந்தநேரம் சினியோரா பக்கத்திலை இருந்தவாதான். 'என்ன ரூபா?' எண்டு கேட்டவாதான். 'ஒண்டுமில்லை, சினேகிதி' எண்டன். வயசுபோன மனுசியை ஏன் கரைச்சல்படுத்துவான்?

விடிய அம்புலன்சிலை கொண்டுபோனவை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினவள், பாஷைக்கு. நான் போய்ச் சேர, டொக்டர் பெண்பிள்ளை ஒருத்தி, பிள்ளையின்ர கண்ணை ஒருக்காப் பாத்திட்டுத் திரும்பிக் கேட்ட முதல் சொல்லு, "பாவே சாப்பிட்டதோ?" அவையின்ர சனத்துக்கு இது தடிமன் காய்ச்சல் மாதிரித் தெரிஞ்ச விசயம். பேந்து என்னைப் பாத்துக் கத்தினவள், 'ஏன் நேற்றே கொண்டுவரேல்லை, நேற்றெண்டால் இரத்தம் ஏத்திக் காப்பாத்தியிருப்பன்' எண்டு. இஞ்சத்தை ஆக்கள் எல்லாத்துக்கும் கத்துவினம்தானே. நான் மனசிலை எடுக்கேல்லை. மத்தியானத்துக்கிடையிலை முடிஞ்சுது.

பிறகு அந்த டொக்டர் என்ர கையைப் பிடிச்சு ஆறுதலாய்ச் சொன்னவள். இது தாயின்ர இரத்தத்தாலை ஆம்பிளைப் பிள்ளையளுக்கு இறங்கிற குறைபாடாம். வேற பிள்ளையள் இருந்தால் சோதிக்கவேணுமாம், இனிப் பிறந்தாலும் சோதிக்கவேணுமாம், பாவேயும் சில குளிசையளும் கிட்டவும் காட்டக்கூடாதாம். சொல்லு, தாய்க்குச் சொல்லு எண்டவள்.

தயாளினி நிலத்திலை கிடந்தாள். என்னெண்டு சொல்றது? "காய்ச்சல் இரத்தத்துக்கு ஏறியிட்டுதாம்" எண்டன். வேற பிள்ளையும் அப்ப இல்லைத்தானே.

செத்தவீட்டுக்கு சினியோரா வந்தா, தடியை ஊண்டிக்கொண்டு, நாலு மாடியும் ஏறி. பெட்டியைக் கண்டவுடனை நெஞ்சிலை அடிச்சு அடிச்சு ஒரே சொல்லு. "நான் கேட்டனான்! நான் கேட்டனான்!" தயாளினி என்னைப் பாத்தாள். கேக்கிறது எண்ட அந்த ஒரு சொல்லு அவளுக்கு எப்பிடியோ விளங்கியிட்டுது. "என்னத்தை அக்கா கேட்டவா?"

"கடவுளிட்டைக் கேட்டவாவாம். தன்னை எடு, பிள்ளையை விடு எண்டு" எண்டன்.

நல்லாய்த்தானே சொன்னன்? அந்த நேரத்திலை அதைவிட நல்ல சொல்லு ஆருக்கு வரும்? ஆனா அவள் என்னையே பாத்துக்கொண்டிருந்தாள். கனநேரம்.

இப்ப என்ர மனவருத்தத்தைச் சொல்றன், கேளுங்கோ. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லை, எங்களிட்டையும் அப்பிடி, இவையிட்டையும் அப்பிடி. அயலட்டைதான் சமைச்சுக் குடுக்கவேணும். சினியோரா கோழிச் சூப்பும் பாணும் அனுப்பினவா. சாப்பிட்டினம். நான் விடிய எழும்பி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைச்சு, பெட்டையளையும் இழுத்துக்கொண்டு போனன். மூடி திறக்காமல் வாசலிலை கிடந்தது, கட்டிப்போட்ட நாய் மாதிரி. ஒரே ஒழுங்கையிலை பிறந்து வளந்த நான் வெளியிலை, வெள்ளைக்காரி உள்ளை! அண்டையிலையிருந்து கதை இல்லை. கடையிலை கண்டால் மற்றப் பக்கம். ஒரு சனமும் ஏனெண்டு கேக்கேல்லை. நான் என்ன செய்தனான், தங்கச்சி? எந்த அலுவலுக்கும் கூப்பிட்ட நேரம் ஓடினவள். டொக்டரிட்டை, பள்ளிக்கூடத்திலை, பொலிசிலை, எல்லா இடமும் என்ர வாய்தான் அவளுக்கு வாய்.

ஓம், ஓம், மனுசன் இப்ப மார்சாலாவிலைதான் வேலை. வைனுக்கு முந்திரிகைக்குலை ஆயிற காலம், வீட்டுக்கு வரேல்லை. சினியோராவுக்கு விசயம் தெரிஞ்சால் தமையனுக்குத் தெரியும், தமையனுக்குத் தெரிஞ்சால் அந்த வேலை போகும். அதுக்காக நான் இதைச் சொல்லேல்லை. சத்தியமாய் அதுக்காக இல்லை.

தயாளினிக்காகத்தான் சொல்றன். யோசிச்சுப் பாருங்கோ. சினியோரா வாயைத் திறந்து, 'உன்ர பக்கத்திலை ஆருக்கும் இருந்ததோ எண்டு கேட்டனான்' எண்டு சொன்னால், அவளுக்கு உடனை தம்பி ஞாபகம் வரும். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பிள்ளை இருந்திருக்கும் எண்டு தெரியும். எந்தத் தாய் அதைத் தாங்குவாள்? இப்பவெண்டால் கண்ணூறு, காய்ச்சல், விதி எண்டு ஏதோ ஒண்டிலை போட்டுவிட்டு அவள் நித்திரை கொள்ளுறாள். அதையும் பறிக்கவேணுமோ? அதுவும் இந்த நிலைமையிலை?

உங்களுக்குத் தெரியாதோ? அவள் இப்ப முழுகாமல் இருக்கிறாள். அஞ்சு மாசம். கடவுள் ஒண்டை எடுத்தால் ஒண்டைத் தருவார். ஸ்கான் பண்ணிப் பாத்தவையாம், இதுவும் பெடியனாம். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ! என்னோட கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, நல்லாயிருக்கட்டும்.

அந்தா, உங்கட கம்பஸ் வந்திட்டுது. எழும்பாதேங்கோ, பஸ் நிக்கட்டும். ஒண்டைமட்டும் சொல்லிப்போட்டு விடுறன். மகன் திங்கட்கிழமை வந்து சினியோராவைத் தன்னோட வடக்கை தூரினோ நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போறான், வீடும் வித்தாச்சு, இனித் திரும்பி வரமாட்டா. ஞாயிறு தவறினால் தவறினதுதான், பிறகு கேக்க ஆளில்லை. உங்களை விட்டால் அவளுக்கு வேற ஆரும் இப்ப அம்பிடமாட்டினம். நீங்கள் பொய் ஒண்டும் சொல்லவேண்டாம், படிச்ச பிள்ளை, உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கமாட்டன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய உங்களுக்குக் காய்ச்சல் வரட்டும், தங்கச்சி. ரூபவதி அக்கா வருவா, அவவைக் கூட்டிக்கொண்டு போ எண்டு ஒரு போன் மட்டும் எடுத்துவிடுங்கோ.